தலைக்காயத்துக்குப் பிறகு இளம் வயதினரின் மீட்சியை அளப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"இப்ப எப்படி இருக்கான்?" என்று யார் கேட்டாலும், தலைக்காயத்திலிருந்து மீண்டுவரும் பிள்ளை இருக்கிற வீட்டில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "முன்னைக்கு இப்ப தேவல." அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் எதில் தேவலை, எவ்வளவு தேவலை, எப்போதிலிருந்து தேவலை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுபரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடமும் இதையேதான் சொல்கிறோம். அவரும் அதே மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். தெரபியை மாற்ற வேண்டுமா, கல்லூரிக்கு அனுப்பலாமா, வேலைக்குத் திரும்பலாமா என்பதெல்லாம் ஊகத்திலேயே முடிவாகின்றன.

ஏறத்தாழ 17 முதல் 30 வயதுக்குள் மூளைக்காயம் அடைந்தவர்களின் குடும்பத்தாருக்காகவும், அவர்களுடன் வேலை செய்யும் இளம் தெரபிஸ்டுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நம் ஊரில் இந்த வயதுக்காரர்களுக்கு மூளைக்காயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டூவீலர் விபத்துதான். உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்கும், மூளைக் காய்ச்சல் வந்தவர்களுக்கும், கட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகிறது. அதனால் பல உயிர்கள் பிழைக்கின்றன. பிழைத்த பிள்ளை பழையபடி வாழத் தொடங்கும்வரை ஆகும் மாதங்களையும் வருடங்களையும் பார்த்துக்கொள்வது வீடுதான். அளக்க வேண்டிய காலமும் அதுதான்.

இளம் வயதினருக்கு ஏன் தனி அளவு?

அறுபது வயதில் மூளைக்காயம் அடைந்தவர் தானாகச் சாப்பிட்டு, நடந்து, குளித்து, பேப்பர் படிக்கிற நிலைக்கு வந்தால் வீடே நிம்மதி அடையும். இருபது வயதுப் பிள்ளைக்கு அது தொடக்கம் மட்டுமே. அவருக்கு முன்னால் நாற்பது ஐம்பது வருட உழைப்பும் உறவும் இருக்கின்றன. படிப்பு பாதியில் நிற்கிறது, முதல் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருக்கும், நட்பு வட்டம்தான் உலகமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. திட்டமிடுவது, பொறுமையாக இருப்பது, அவசரத்தை அடக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 18 வயதில் அங்கே அடிபட்டால், அந்த வயதில் கேட்கப்படாத திறமை 23 வயதில் கேட்கப்படும்போதுதான் குறை வெளியே தெரியும். அதனால் "பழைய நிலைக்கு வந்துவிட்டான்" என்பது இந்த வயதில் போதாத அளவுகோல். அவரோடு படித்தவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒப்பிட்டுக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த உதவி தேவைப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளத்தான்.

படி 1: தொடக்கப் புள்ளியைப் பதிவு செய்யுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து சில தகவல்களை எடுத்து எழுத வேண்டும்.

முதலாவது, அனுமதிக்கப்பட்டபோது இருந்த கிளாஸ்கோ கோமா ஸ்கேல் மதிப்பெண். 1974இல் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் உருவாக்கிய இந்த அளவு கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண் கொண்டது. மிகக் குறைவு 3. பொதுவாக 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே கடுமை. கேஸ் ஷீட்டில் 'இ2 வி1 எம்4' என்பதுபோல ஆங்கில எழுத்துகளில் இருக்கும்; இ என்பது கண், வி என்பது பேச்சு, எம் என்பது அசைவு. மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நினைவு தொடர்ச்சியாகத் திரும்ப எத்தனை நாள் ஆனது என்பது. கண் திறந்து பேசத் தொடங்கிய பிறகும் பல நாட்களுக்குப் பிள்ளைக்கு நேற்று நடந்தது இன்று நினைவிருக்காது. விபத்து நடந்த நாளிலிருந்து அன்றாட நினைவு அறுபடாமல் தங்கத் தொடங்கும் நாள்வரை உள்ள காலத்தை டாக்டர்கள் தனியாகக் கணக்கிடுவார்கள். ஒரு நாளைத் தாண்டினாலே கடுமையான காயம், ஒரு வாரத்தைத் தாண்டினால் மிகக் கடுமை என்பது பழைய, இன்றும் பயன்படும் வகைப்பாடு. நீண்டகால மீட்சியை ஊகிக்க இந்தக் காலம் மிகவும் உதவும். ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இது பெரும்பாலும் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இதை முறைப்படி அளக்க இரண்டு கருவிகள் உண்டு. வெஸ்ட்மீட் அளவுகோலில் மூன்று நாள் தொடர்ந்து 12க்கு 12 எடுக்க வேண்டும். கால்வெஸ்டன் சோதனையில் 100க்கு 76 அல்லது அதற்கு மேல், தொடர்ந்து இரண்டு முறை எடுக்க வேண்டும். "அன்னிக்கு மாமா வந்தது ஞாபகம் இருக்கு" என்று பிள்ளை ஒரு நாள் சொல்வதை வைத்து நினைவு திரும்பிவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். தனித்தீவுபோல ஒரு சில நினைவுகள் முன்னதாகவே வரும். அவை இடைவெளியில்லாமல் சேர்கிற நாள்தான் கணக்கு.

மூன்றாவது, காயத்துக்கு முந்தைய பிள்ளை. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் இளம் வயதினரில் மிகவும் பயன்படுவது இதுதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, செமஸ்டர் மார்க் ஷீட்டுகளை எடுத்து வையுங்கள். பழைய கையெழுத்து நோட்டுகளும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களும் வேண்டும். எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் தூக்கம், கோபம் எப்படி, குடிப்பழக்கம் இருந்ததா என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுங்கள். முன்பே கணக்கில் பலவீனமானவர் இப்போதும் கணக்கில் தடுமாறினால் அது காயத்தின் கணக்கில் சேராது. முன்பு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால், எல்லாச் சோதனையிலும் நல்ல மார்க் எடுத்தாலும், அது காயத்தின் விளைவுதான்.

படி 2: நினைவு முழுதாகத் திரும்பாத காலத்தில்

கண் திறந்திருக்கிறார், ஆனால் நம்மைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. இந்தக் கட்டத்துக்கான நம்பகமான கருவி கோமா மீட்சி அளவுகோலின் திருத்தப்பட்ட வடிவம். 2004இல் வெளியானது. கேட்பது, பார்ப்பது, அசைவது, வாய் அசைவும் ஒலியும், தொடர்புகொள்வது, விழிப்பு என ஆறு பிரிவுகளில் 0 முதல் 23 வரை மதிப்பெண். பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். இந்த நிலையில் விழிப்பு ஒரே நாளில் ஏறி இறங்கும். ஒரே ஒரு சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதை நம்பி மனம் உடைய வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து முறை சோதித்த பிறகே முடிவுக்கு வருவது நல்லது.

வீட்டார் செய்யக்கூடியது, பார்த்ததை எழுதுவது. "கையைப் பிடிச்சான்" என்பதைவிட, "காலை 10 மணி, சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வலது கையைத் தூக்கு என்று ஐந்து முறை சொன்னதில் மூன்று முறை தூக்கினார், தூக்க மருந்து கொடுத்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது" என்பது டாக்டருக்குப் பலமடங்கு உதவும். கண் ஒன்றைத் தொடர்கிறதா என்று பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன அளவுகோலும் கண்ணாடியைத்தான் பயன்படுத்துகிறது.

அடுத்த கட்டங்களுக்குக் கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் உருவான எட்டு நிலை அளவுகோல் உதவும். எந்தப் பதிலும் இல்லாத 1ஆம் நிலையிலிருந்து, நோக்கத்தோடு பொருத்தமாக நடந்துகொள்ளும் 8ஆம் நிலைவரை அது போகிறது. குடும்பத்தார் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டியது 4ஆம் நிலை. அமைதியாகப் படுத்திருந்த பிள்ளை திடீரென்று டியூபைப் பிடுங்குவார், கத்துவார், அடிப்பார், கெட்ட வார்த்தை பேசுவார். "நல்லாத்தான இருந்தான், இப்ப மோசமாயிட்டானே" என்று வீடே கலங்கும். அளவுகோலின்படி அது 3இலிருந்து ஏறிய ஒரு படி. மூளை விழித்துவிட்டது, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை, அதனால் போராடுகிறது. வலி, காய்ச்சல், மூத்திரம் அடைப்பு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்பதை மட்டும் நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் கலக்கத்தை அளக்கவும் 14 கேள்வி கொண்ட தனி அளவுகோல் உண்டு. மதிப்பெண் 14 முதல் 56 வரை, 21ஐத் தாண்டினால் கலக்கம் இருக்கிறது என்று பொருள். மருந்து கொடுத்த பிறகு இந்த எண் இறங்குகிறதா, அல்லது பிள்ளை வெறுமனே தூங்கிக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

படி 3: உடம்பு

வார்டில் பெரும்பாலும் இரண்டு அளவுகள் போடுவார்கள். ஒன்று 1965இல் வந்த பார்தெல் குறியீடு, 0 முதல் 100. மற்றொன்று எஃப்.ஐ.எம்., 18 செயல்களுக்குத் தலா 1 முதல் 7 வரை, மொத்தம் 18 முதல் 126. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, நடப்பது, படி ஏறுவது போன்றவற்றில் எவ்வளவு உதவி தேவை என்பதை இவை சொல்லும். முதல் சில மாதங்களுக்கு நல்ல கருவிகள்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. இளம் உடம்பு வேகமாகத் தேறும். பிள்ளை பார்தெலில் 100 வாங்கிவிடுவார், ஃபைலில் 'முழுச் சுதந்திரம்' என்று எழுதிவிடுவார்கள், தெரபியும் நின்றுவிடும். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது, படியில் வேகமாக இறங்க முடியாது, ஃபுட்பால் விளையாட முடியாது. அளவுகோலுக்கு மேல்முனை வந்துவிட்டது, பிள்ளைக்கு வரவில்லை. இந்த இடத்தில் குடும்பத்தார் சும்மா இருக்கக் கூடாது. "இதுக்கு மேல அளக்கற டெஸ்ட் வெச்சு பாருங்க" என்று உரிமையோடு கேளுங்கள்.

அப்படி ஒரு டெஸ்ட் இருக்கிறது. மெல்போர்னில் கேவின் வில்லியம்ஸ் என்ற பிசியோதெரபிஸ்டும் அவருடைய குழுவினரும் மூளைக்காயம் அடைந்த இளைஞர்களை மனத்தில் வைத்தே உருவாக்கிய ஹைமேட். பின்னோக்கி நடப்பது, குதிகால் தூக்கி நடப்பது, தடையைத் தாண்டுவது, ஓடுவது, ஒற்றைக் காலில் தாவுவது, படி ஏறி இறங்குவது என 13 செயல்கள், மொத்தம் 54 மதிப்பெண். இதில் 4 புள்ளி கூடினால்தான் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு புள்ளி ஏறுவது அன்றைய உற்சாகமாகவும் இருக்கலாம். இதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். மண்டை ஓட்டு எலும்பை எடுத்துவிட்டு இன்னும் திரும்ப வைக்காதவர்களுக்கு ஓட்டமும் தாவலும் கூடவே கூடாது.

வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது 10 மீட்டர் நடை. மொட்டை மாடியிலோ தெருவிலோ 14 மீட்டர் நேர்கோடு எடுத்து, முதல் 2 மீட்டரையும் கடைசி 2 மீட்டரையும் சாக்பீஸால் குறியுங்கள். பிள்ளை முழு 14 மீட்டரும் தன் இயல்பான வேகத்தில் நடக்கட்டும். நடுவில் உள்ள 10 மீட்டருக்கு மட்டும் மொபைலில் நேரம் எடுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். 10ஐ விநாடிகளால் வகுத்தால் வேகம். 8 விநாடி என்றால் விநாடிக்கு 1.25 மீட்டர். ஆரோக்கியமான இளம் வயதினரின் இயல்பு நடை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 வரை இருக்கும். 0.1க்குக் குறைவான மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே செருப்பு அல்லது ஷூ, அதே இடம், அதே நேரம். இயல்பு நடையில் நல்ல வேகம் வந்துவிட்டால், பேசிக்கொண்டே நடக்கச் சொல்லி இன்னொரு அளவு எடுங்கள். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்கும்போது வேகம் எவ்வளவு குறைகிறது என்பது, கூட்டமான பஜாரில் பிள்ளை எப்படி நடப்பார் என்பதை ஓரளவு காட்டிவிடும்.

கைக்கு, ஒன்பது குச்சிகளைத் துளைகளில் செருகி எடுக்கும் சோதனையை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் செய்வார். வீட்டில், சட்டை பட்டன் முழுவதும் போட ஆகும் நேரமே போதும்.

படி 4: அறிவும் கவனமும்

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மோகா என்கிற 30 மதிப்பெண் சோதனை பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும், தமிழிலும் இருக்கிறது, 26 அல்லது அதற்கு மேல் என்றால் சரி என்பார்கள். அது ஆரம்பச் சல்லடை மட்டுமே. இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை அதில் 28 எடுத்துவிட்டு, வகுப்பில் கால் மணி நேரத்துக்கு மேல் பாடத்தைத் தொடர முடியாமல் திணறலாம். அமைதியான அறையில், எதிரே ஒருவர் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்கும்போது தடுமாறாத மூளை, யாரும் எதுவும் சொல்லாத இடத்தில், தானே தொடங்கித் தானே முடிக்க வேண்டிய வேலையில் தடுமாறும்.

அதனால் நியூரோ சைக்காலஜிஸ்டிடம் விரிவான சோதனை ஒரு முறையாவது தேவை. யோசிக்கும் வேகம், கவனம், புதியதை நினைவில் வைப்பது, திட்டமிடுவது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்புக்கு நம் நாட்டவரின் வயது, படிப்பு, ஆண் பெண் வாரியான ஒப்பீட்டு எண்கள் இருக்கின்றன, அது பெரிய வசதி. சோதனைக்குப் போகும்போது பிள்ளை எந்த மொழி வழியில் படித்தவர் என்பதைச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்து வரிசையை நம்பி நடக்கும் சோதனையில் தமிழ் வழியில் படித்தவர் தாமதமானால் அதில் காயத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாக நிறங்களைக் கொண்டு செய்யும் சோதனை உண்டு. அதே தாளை அடுத்த மாதமே திரும்பக் கொடுத்தால் பழக்கத்தாலேயே மார்க் ஏறும். சின்னச் சோதனைகளுக்கு மாற்று வினாத்தாளைக் கேளுங்கள், பெரிய தொகுப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம்.

வீட்டில் எடுக்கக்கூடிய மிக நேர்மையான அளவு ஒன்று உண்டு: எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது? ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் எழுந்து கிளம்புவது, கடைக்குப் போய் ஐந்து பொருள் வாங்கி வருவது, மாத்திரை எடுத்துக்கொள்வது, எதுவானாலும் சரி. தானாகவே செய்தால் 0. "அடுத்து என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் போதும் என்றால் 1. "பர்ஸ் எடுத்தியா?" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தால் 2. நாமே செய்து கொடுத்தால் 3. வேலையின் ஒவ்வொரு படிக்கும் இப்படி எண் போட்டுக் கூட்டுங்கள். மூன்று மாதத்தில் 14 என்பது 5 ஆனால், அதை எந்த டாக்டரும் மறுக்க மாட்டார்.

இந்த அளவுக்கு ஒரு நிபந்தனை. சொல்வதற்கு முன் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளை யோசிக்கும் முன்பே அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவார், அன்பினால்தான். மனசுக்குள் பத்துவரை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். மூளைக்காயத்தில் யோசிக்கும் வேகம் குறைவது மிகப் பரவலான பிரச்சினைகளில் ஒன்று. காத்திருந்தால் பல சமயம் பதில் வரும்.

கூடவே சோர்வையும் குறியுங்கள். படிக்கவோ வேலை செய்யவோ உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் பிள்ளை களைத்தார், மீண்டும் தெளிவடைய எவ்வளவு நேரம் ஓய்வு தேவைப்பட்டது, இந்த இரண்டு எண்கள் போதும். கல்லூரி முழு நாளா அரை நாளா என்பதை முடிவு செய்ய இவைதான் அடிப்படை.

படி 5: பிள்ளையே தேர்ந்தெடுத்த இலக்கை அளப்பது

என் பார்வையில் இளம் வயதினருக்கு இதைவிடச் சிறந்த அளவு வேறில்லை. 1968இல் கிரேசுக், ஷெர்மன் இருவரும் மனநலத் துறைக்காக உருவாக்கிய 'இலக்கு எட்டும் அளவுகோல்' இன்று மறுவாழ்வுத் துறையில் பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு இலக்கையும் −2 முதல் +2 வரை ஐந்து நிலைகளாக முன்கூட்டியே எழுத வேண்டும். 0 என்பது நாம் எதிர்பார்க்கும் நிலை. இன்றைய நிலையை −1இல் வைத்துக்கொண்டால், கீழே இறங்கினாலும் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் 21 வயதுப் பிள்ளை, கால அளவு மூன்று மாதம், இலக்கு பஸ்ஸில் தனியாகக் கல்லூரிக்குப் போவது.

−2: வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கிறார்.
−1: அப்பா கூடவே பஸ்ஸில் வந்து கல்லூரி வாசல்வரை விடுகிறார். இன்றைய நிலை.
0: வாரத்தில் மூன்று நாள் தனியாகப் போகிறார், ஏறியதும் இறங்கியதும் வீட்டுக்கு போன் செய்கிறார்.
+1: ஐந்து நாளும் தனியாகப் போகிறார், போன் தேவையில்லை.
+2: வழக்கமான பஸ் வராத நாளில் தானே வேறு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்.

இதேபோல வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்து குறிப்பெடுப்பதற்கு ஒன்று, வாரச் செலவுப் பணத்தைத் தானே சமாளிப்பதற்கு ஒன்று என மொத்தம் மூன்று இலக்குகள் வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் சம எடை என்றால் கணக்கு எளிது. மூன்று மதிப்பெண்களையும் கூட்டி, 4.56ஆல் பெருக்கி, 50உடன் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் மூன்றும் −1, கூட்டினால் −3, மதிப்பு 36.3. மூன்று மாதம் கழித்து 0, +1, 0 என்றால் கூட்டினால் 1, மதிப்பு 54.6. எல்லா இலக்கையும் எதிர்பார்த்தபடி எட்டினால் சரியாக 50 வரும். தொடர்ந்து 60ஐத் தாண்டினால் இலக்குகளை மிக எளிதாக வைத்திருக்கிறோம், 40க்குக் கீழேயே நின்றால் மிகக் கடினமாக வைத்திருக்கிறோம். இலக்குகளின் எண்ணிக்கையோ எடையோ மாறினால் பெருக்கும் எண்ணும் மாறும், தெரபிஸ்டிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

யாருடைய இலக்கு என்பதுதான் முக்கியம். அம்மா "நேரத்துக்குச் சாப்பிடணும்" என்பார், அப்பா "டிகிரிய முடிக்கணும்" என்பார், பிள்ளை "பைக் ஓட்டணும்" என்பார். மூன்றாவதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் பாய்வார்கள். பாயாதீர்கள். வலிப்பு வந்திருந்தால், பார்வைப் புலம் குறைந்திருந்தால், முடிவெடுக்கும் வேகம் திரும்பாதிருந்தால் வண்டியைத் தொடவே கூடாது, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் அந்த ஆசைக்குள் இருப்பது யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போகும் விருப்பம். பஸ் இலக்கு அங்கிருந்துதான் பிறக்கிறது. பிள்ளை சொன்ன வார்த்தையையே நோட்டில் எழுதி, அதன் கீழே இலக்கை எழுதுங்கள். தன் பெயரில் மற்றவர்கள் எழுதிய இலக்குக்காக இருபது வயதில் யாரும் உழைப்பதில்லை.

படி 6: பிள்ளையின் கண்ணும் வீட்டாரின் கண்ணும்

மூளையின் முன்பகுதி அடிபட்டால் தன் குறையைத் தானே அறியும் திறனும் குறையும். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பிள்ளை சொல்வது பல சமயம் பிடிவாதம் இல்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரிவதில்லை. இதை அளக்க 30 கேள்வி கொண்ட திறன் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. அமெரிக்க நியூரோ சைக்காலஜிஸ்ட் ஜார்ஜ் பிரிகடானோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. ஒவ்வொரு செயலும் எவ்வளவு எளிது என்று 1 முதல் 5 வரை பிள்ளை ஒரு தாளில் போடுவார், வீட்டில் ஒருவர் தனித் தாளில் போடுவார். பிள்ளைக்கு 130, அம்மாவுக்கு 85 என்றால் இடைவெளி 45.

அந்த இடைவெளி எப்படிக் குறைகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து அம்மா 95 போடுகிறார், பிள்ளை தனக்கு 105 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை தனக்குத் தானே போட்ட மார்க் இறங்கியிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சரிவு, உண்மையில் இது பெரிய முன்னேற்றம். தன்னை அறியத் தொடங்கிவிட்டார்.

அதே நேரம் இது ஆபத்தான காலமும்கூட. எதை இழந்தோம் என்பது தெரியும்போதுதான் மனம் உடையும். அதனால் இந்த இடைவெளி குறையத் தொடங்கும் மாதங்களில் மனச்சோர்வையும் கூடவே அளக்க வேண்டும். 0 முதல் 27 வரை மதிப்பெண் கொண்ட, ஒன்பது கேள்விகள் உள்ள பி.எச்.க்யூ.-9 படிவம் போதும். தூக்கம், களைப்பு, கவனக்குறைவு பற்றிய கேள்விகளுக்கு மூளைக்காயமே மார்க் ஏற்றிவிடும் என்பதால், மொத்த எண்ணைவிட மனநிலை, ஆர்வமின்மை, தன்னைப் பற்றிய தாழ்வு எண்ணம் ஆகிய கேள்விகளைத் தனியாகப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

படி 7: ஊரோடும் உலகத்தோடும்

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு உடலின் இயக்கம், செயல், சமூகத்தில் பங்கேற்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. இதுவரை பார்த்தவை பெரும்பாலும் முதல் இரண்டு. மூன்றாவதற்கு மேயோ-போர்ட்லாண்ட் படிவமும், 15 கேள்வி கொண்ட சமூக ஒருங்கிணைப்புப் படிவமும் பயன்படுகின்றன. இரண்டாவதை நம் வீடுகளில் அப்படியே பயன்படுத்த முடியாது. சமையல் யார் செய்கிறார், வீட்டுச் சாமான் யார் வாங்குகிறார் என்று அதில் கேள்வி வரும். விபத்துக்கு முன்பும் அடுப்படிப் பக்கம் போகாத பையனுக்கு அதில் குறைந்த மார்க் வந்தால் அது நம் வீட்டுப் பழக்கத்தின் மார்க். பெண் பிள்ளை என்றால் நேர்மாறாக நடக்கும். வீட்டு வேலையெல்லாம் செய்கிறாள் என்பதால் "தேறிட்டா" என்று முடிவு கட்டிவிடுவார்கள், வேலைக்கோ படிப்புக்கோ திரும்ப அனுப்புவதைப் பற்றிய பேச்சே எழாது. எந்தப் படிவமானாலும் இரண்டு முறை நிரப்புங்கள், விபத்துக்கு முந்தைய மாதத்தை நினைத்து ஒன்று, இன்றைக்கு ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

படிவத்தில் இல்லாத சிலவற்றையும் மாதம் ஒருமுறை எழுதுங்கள். இந்த வாரம் எத்தனை நண்பர்களைப் பார்த்தார், அதில் யார் முதலில் கூப்பிட்டது? முதல் மாதங்களில் கூட்டமாக வந்த நண்பர்கள் ஒரு வருடத்துக்குள் மெல்ல விலகுவார்கள், அந்த எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். ஜிபே கணக்கில் யோசிக்காமல் அனுப்பிய பணம் எவ்வளவு, ஓடிபியை யாருக்காவது சொன்னாரா, ஆன்லைன் விளையாட்டில் பணம் போனதா? அவசரத்தை அடக்கும் திறன் திரும்புகிறதா என்பதை வங்கி ஸ்டேட்மென்ட் காட்டிக்கொடுக்கும். வகுப்பு வருகை, அரியர் எண்ணிக்கை, வேலையில் முழு நேரமா பகுதி நேரமா என்பதும் இதே பக்கத்தில் வரட்டும்.

ஊனச் சான்றிதழில் வரும் சதவீதத்தை இந்த நோட்டில் முன்னேற்றமாக எழுதாதீர்கள். அரசு உதவிகள் பலவற்றுக்கு 40 சதவீதம் எல்லை என்பதால் அது தேவைதான், வாங்கி வையுங்கள். ஆனால் அது உதவிக்கான எண், மீட்சியின் எண் இல்லை.

படி 8: எப்போது அளப்பது, எண் இறங்கினால் என்ன செய்வது

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை வாரம் ஒருமுறை. வீட்டுக்கு வந்த பிறகு மாதம் ஒருமுறை. காயம்பட்டு 3, 6, 12ஆம் மாதங்களில் முழுக் குழுவையும் வைத்துப் பெரிய மதிப்பீடு. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. தினமும் அளக்காதீர்கள். எண் ஒரு நாள் ஏறும் ஒரு நாள் இறங்கும், வீட்டின் மனநிலையும் அதோடு ஆடும், பிள்ளைக்கு வீடே பரீட்சை ஹாலாகிவிடும்.

ஒரே ஒரு முறை எண் இறங்கினால் தூக்கம், காய்ச்சல், புது மருந்து என்று பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். இரண்டாவது முறையும் இறங்கியிருந்தால் காரணம் தேட வேண்டும். நடை மோசமாகி, யோசனை மந்தமாகி, மூத்திரம் அடக்க முடியாமல் போனால் மூளையில் நீர் சேர்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மண்டை எலும்பை எடுத்தவர்களுக்கு அந்த இடம் குழிந்துபோய்ச் செயல்கள் பின்னடைவதுண்டு, எலும்பைத் திரும்ப வைத்ததும் பலர் தேறுகிறார்கள். வலிப்பு மருந்துகளிலும் காரணம் இருக்கலாம். லெவிடிராசிடம் சிலரை எரிச்சல்படுத்தும், ஃபெனிடாயின் அளவு கூடினால் நடை தள்ளாடும். விளக்கமில்லாத களைப்பும் எடை மாற்றமும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் இருந்தால், பிட்யூட்டரி ஹார்மோன்களைச் சோதிக்கக் கேளுங்கள். தலைவலியோடு வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், முதல்முறை வலிப்பு என்றால் நோட்டை மூடிவிட்டு நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால், முதலில் அளவுகோல் மேல்முனையைத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். தொட்டிருந்தால் கடினமான அளவுக்கு மாறுங்கள். தொடவில்லை என்றால் தெரபியின் முறையை மாற்றும்படி கேளுங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் மாறாது என்று யாராவது சொன்னால், அமெரிக்காவில் 1987 முதல் நடக்கும், மூளைக்காய மறுவாழ்வுக்கான முன்மாதிரி மையங்களின் திட்டம் மூளைக்காயம் அடைந்தவர்களை 1, 2, 5 வருடங்களிலும் அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும் தொடர்ந்து அளந்துவருகிறது என்பதைச் சொல்லுங்கள். அந்த வருடங்களிலும் சிலர் ஏறுகிறார்கள், சிலர் இறங்குகிறார்கள்.

முதல் வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை போதும். இலக்கு அட்டவணை, வீட்டார்–பிள்ளை இடைவெளி, மனச்சோர்வு, பங்கேற்பு, இந்த நான்கு மட்டும். புதுப் படிப்பு, புது வேலை, திருமணம், ஊர் மாற்றம் என்று பொறுப்பு கூடும் ஒவ்வொரு முறையும், ஆரம்பித்து இரண்டு மாதத்துக்குள் இந்த நான்கையும், படி 4இல் பார்த்த 'எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது' என்ற எண்ணையும் மறுபடி எடுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டிய எண்ணிக்கை திடீரென்று கூடியிருந்தால் புதுச் சூழல் மூளையிடம் அதிகம் கேட்கிறது என்று பொருள். வேலையை விடச் சொல்வதற்கு முன், நேரத்தைக் குறைத்து, பட்டியல் எழுதி வைத்து, அங்கே ஒருவரைத் துணைக்கு ஏற்பாடு செய்து, அடுத்த மாதம் திரும்ப எண்ணிப் பாருங்கள்.